ஹேங்கருக்குள் விமானத்தை நிறுத்த எந்த லேசர்? ஓர் ஒப்பீடு

ஏர்பஸ் ஏ320 விமானத்தின் இறக்கைகள், நுனியில் ஷார்க்லெட் எனப்படும் மேல்வளைந்த தகடு பொருத்தியிருந்தால், 35.80 மீட்டர் விரிந்திருக்கும். மூக்கிலிருந்து வால்வரை அதன் நீளம் 37.57 மீட்டர். வெளியே, நிறுத்துதளத்தில், இந்த அளவுள்ள விமானத்துக்கும் அருகிலுள்ள பொருள்களுக்கும் இடையே 4.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14ஆம் இணைப்பு வகுத்திருக்கிறது. விமானங்களைப் பராமரிக்கும் பெரிய கொட்டகையான ஹேங்கருக்குள் அந்தத் தாராளம் கிடையாது. அங்கே விமானத்தைச் சூழ்ந்து நிற்கும் பணிமேடைகள், அதாவது டாக் என்று எல்லோரும் அழைக்கும் மேடைகள், உடற்பகுதியை ஏறத்தாழ ஒட்டி நின்றால்தான் பயன்படும். இடைவெளி கூடினால் அது மேடையில் நிற்பவர் கால் தவறி விழும் பள்ளமாகிவிடும். குறைந்தால் மேடையின் விளிம்பு விமானத்தின் தோலை உரசும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றில் அந்தத் தோல் கரிம இழைக் கூட்டுப்பொருளால் ஆனது. அலுமினியத்தில் ஓர் அடி பட்டால் நெளிவு கண்ணுக்குத் தெரியும். கூட்டுப்பொருளிலோ மேலே அநேகமாக எதுவும் தெரியாமல் உள்ளடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். ஆகவே ‘லேசாகத்தான் பட்டது’ என்று சொல்லிக் கடந்துபோக இன்று எவராலும் இயலாது. உள்ளே பழுது உண்டா என்று மீயொலிக் கருவி வைத்துச் சோதித்த பிறகே அந்த விமானம் மீண்டும் பறக்க முடியும்.

இந்தியாவில் ஐதராபாத், நாக்பூர், ஓசூர் போன்ற இடங்களில் விமானப் பராமரிப்புத் தொழில் காலூன்றியிருக்கும் நிலையில், புதிய டாக் அமைக்கும் ஒவ்வொருவர் முன்னும் ஒரு கேள்வி வருகிறது: விமானத்தைச் சரியான இடத்தில் நிறுத்த லேசர் வழிகாட்டியை நிறுவலாமா, நிறுவினால் எந்த வகை? தரையில் தீட்டிய கோடு, மேலிருந்து கோடும் குறியும் வீழ்த்தும் லேசர், மீதத் தூரத்தைப் பலகையில் காட்டும் லேசர் அளவி, விமானத்தின் உருவத்தையே வருடிப் பார்க்கும் லேசர் ஸ்கேனர் என்று நான்கு வழிகள் நடைமுறையில் உள்ளன. விலைப்பட்டியலைப் பார்த்தால் இவை ஒரே வேலையை மேலும் மேலும் நுட்பமாகச் செய்யும் படிகள் போலத் தோன்றும். உண்மையில் இவை வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவை. தம் ஹேங்கரின் கேள்வி எது என்று அறியாமல் வாங்குபவர்கள் பணத்தையும் இழந்து, பிழையையும் அப்படியே வைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் அச்சு, பிறகுதான் நிறுத்தம்

கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு சுவர் எழுப்ப முடியாது. நூல் பிடிக்க இரண்டு புள்ளிகள் வேண்டும். விமானமும் அப்படியே. அதன் முன்சக்கரம் குறித்த இடத்தில் நிற்கிறது என்பது ஒரு புள்ளியைப் பற்றிய செய்தி மட்டுமே. உடற்பகுதி நேராக நிற்கிறதா என்பதை அது சொல்லாது.

ஏ320இல் முன்சக்கரத்துக்கும், இறக்கைகளுக்கடியில் உள்ள பிரதானச் சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் 12.64 மீட்டர், முன்சக்கரத்திலிருந்து வால் நுனி 32.5 மீட்டர் பின்னால் இருக்கிறது. முன்சக்கரம் நடுக்கோட்டின்மேல் மிகச் சரியாக நிற்க, பிரதானச் சக்கரங்களின் நடுப்புள்ளி மட்டும் 20 சென்டிமீட்டர் விலகியிருந்தால், வால் நுனி அரை மீட்டருக்குச் சற்று அதிகமாகவே விலகியிருக்கும். மாறாக, பிரதானச் சக்கரங்கள் கோட்டில் சரியாக அமைந்து முன்சக்கரம் 5 சென்டிமீட்டர் விலகியிருந்தால், வால் எதிர்ப்பக்கம் 8 சென்டிமீட்டர் விலகும். ஓர் இறக்கை நுனி 7 சென்டிமீட்டர் முன்னும், மற்றது அதே அளவு பின்னும் போகும். இரண்டாவது நிலையை டாக்கின் நகரும் பலகைகளைக் கொண்டு சமாளித்துவிடலாம். முதலாவதில் விமானத்தை வெளியே இழுத்து மறுபடி கொண்டுவருவதைத் தவிர வழியில்லை.

நான் பணியாற்றிய ஓர் இடத்தில் அப்படி நடந்திருக்கிறது. தூரப் பலகை பூச்சியம் காட்டியது, முன்சக்கரம் குறியின் நடுவில் நின்றது, எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். பின்புற மேடையை மூட முயன்றபோதுதான் வால் ஒரு முழம் வலப்புறம் ஒதுங்கி நிற்பது தெரிந்தது. அரை ஷிப்ட் அதிலேயே போயிற்று. கருவியில் பழுது எதுவும் இல்லை. அது தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தது.

பிரதானச் சக்கரங்களைக் கோட்டுக்குக் கொண்டுவருவது எப்படி என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. விமானத்தை முன்னோக்கி இழுக்கும்போது முன்சக்கரம் கோட்டின்மேலேயே ஓடினால், பின்னால் வரும் பிரதானச் சக்கரங்களின் விலகல் தானாகவே குறைந்துகொண்டு வரும். ஆனால் மெதுவாகத்தான் குறையும். முன்சக்கரத்துக்கும் பிரதானச் சக்கரங்களுக்கும் இடையிலான தூரத்தைப்போல் 2.3 மடங்கு தூரம் நேராக இழுத்தால்தான் விலகல் பத்தில் ஒரு பங்காகும். ஏ320இல் 50 சென்டிமீட்டர் விலகல் 5 சென்டிமீட்டராகக் குறைய 29 மீட்டர் நேர் ஓட்டம் தேவை. போயிங் 777-300ஈஆர் விமானத்தில் அந்தச் சக்கரத் தூரம் 31.22 மீட்டர் என்பதால், இதே திருத்தத்துக்கு 72 மீட்டர் வேண்டும். அது பெரும்பாலும் ஹேங்கரின் ஆழத்தையே மிஞ்சிவிடும். எனவே விமானத்தை நேராக்கும் வேலை கதவுக்கு வெளியே, வெயில் விழும் தளத்திலேயே தொடங்கி, பெருமளவு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். உள்ளே மாட்டிய எந்த லேசரும் இந்த வடிவியலை மாற்றாது.

வாலை முன்னே விட்டுப் பின்னோக்கித் தள்ளும் ஹேங்கர்களில் நிலைமை தலைகீழ். அங்கே சிறு விலகல் தானாகக் குறைவதற்குப் பதிலாக வளரும்: திருத்தாமல் விட்டால் 5 சென்டிமீட்டர் விலகல், 12.64 மீட்டர் தள்ளுவதற்குள் 13 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். ஓட்டுநர் இடைவிடாமல் திருத்திக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. அவரோ மூக்கருகே, வாலிலிருந்து நாற்பது மீட்டருக்கு அப்பால் அமர்ந்திருக்கிறார். முன்னோக்கி இழுப்பதா, பின்னோக்கித் தள்ளுவதா என்ற இந்த ஒரு வேறுபாடு, எந்த லேசர் என்ற கேள்வியில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது என்பது என் கருத்து.

தரைக் கோடும் மனிதக் கண்ணும்

ஒப்பீடு எதுவானாலும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். மஞ்சள் நடுக்கோடு, அதன்மேல் விமான வகைக்கு ஒன்றாக நிறுத்தக் குறிகள், இழுவை டிராக்டரில் ஒருவர், விமானி அறையில் பிரேக் பிடிக்க ஒருவர், முன்சக்கரத்தருகே ஹெட்செட்டுடன் ஒருவர், இரு இறக்கை நுனிகளிலும் வாலிலும் எதிலும் மோதாமல் பார்த்தபடி கூடவே நடந்துவரும் விங் வாக்கர்கள். செலவு குறைவு, மின்சாரம் வேண்டாம், பழுதாக எதுவும் இல்லை.

இதன் குறைகள் மூன்று. கோடு அழியும், ஹைட்ராலிக் எண்ணெயும் டயர்த் தடமும் அதை மறைக்கும். டிராக்டர் கோட்டின்மேல் ஏறியவுடன் ஓட்டுநருக்கு அது கண்ணில் படாது. மூன்றாவதுதான் கடுமையானது: பல வகை விமானங்கள் வந்துபோகும் தரையில் குறிகள் கூடிக்கூடி, தவறான குறியில் நிறுத்தும் வாய்ப்பும் கூடுகிறது. ஏ321 என்பது ஏ320இன் உடலில் இறக்கைக்கு முன்னால் 4.27 மீட்டரும் பின்னால் 2.67 மீட்டரும் சேர்த்து நீட்டிய விமானம். இறக்கை விரிவு இரண்டுக்கும் ஒன்றே. ஏ320இன் குறியில் ஏ321இன் முன்சக்கரத்தை நிறுத்தினால் இறக்கைகள் 4.27 மீட்டர் பின்தங்கியிருக்கும். வால் ஏறக்குறைய ஏழு மீட்டர் கூடுதலாகப் பின்னே நீண்டு நிற்கும். சில சென்டிமீட்டர் பிழைக்காகக் கவலைப்பட்டுக் கருவி வாங்குபவர்கள் இந்த மீட்டர்க் கணக்கிலான பிழையைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்கு ஓரளவு மருந்து கருவியே இல்லாமல் கிடைக்கிறது. இறக்கை டாக் நிலையாக நிற்கும் ஹேங்கரில், நிறுத்தக் குறியை முன்சக்கரத்துக்கு இடாமல் பிரதானச் சக்கரங்களுக்கு இட்டால், ஏ320க்கும் ஏ321க்கும் அந்தக் குறி ஒன்றாகவே அமையும். மூக்கும் வாலும்தான் முன்பின் நீளும். இப்படிச் செய்த ஹேங்கரில் குறிக் குழப்பம் பெரிதும் குறைகிறது. ஓட்டுநர் தாமாக அந்தக் குறியைப் பார்க்க முடியாது, சக்கரத்தருகே நிற்பவர் சொல்லியே நிறுத்த வேண்டும் என்பது இதற்கு நாம் தரும் விலை.

கோடு தீட்டும் நாளில் மட்டும் லேசரைப் பயன்படுத்துவது மிகவும் மலிவான வழி என்பதையும் சொல்ல வேண்டும். நில அளவைக்குரிய டோட்டல் ஸ்டேஷன் கருவியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, ஹேங்கரின் உண்மையான நடு அச்சைக் கண்டு, கதவுக்கு வெளியே முப்பது நாற்பது மீட்டர் வரை அந்த அச்சை நீட்டி, சில மீட்டருக்கு ஒன்றாகப் பித்தளை ஆணி பதித்துவிட்டால், வண்ணம் அழிந்தாலும் கோடு அழியாது. பழைய ஹேங்கர்கள் சிலவற்றில் தீட்டிய கோடே டாக்கின் அச்சோடு பொருந்தாமல் இருக்கும். அங்கே எந்த விலையுயர்ந்த கருவியும் விமானத்தை அந்தத் தவறான கோட்டின்மேல் மிகத் துல்லியமாக நிறுத்துவதைத்தான் செய்யும்.

மேலிருந்து விழும் கோடு

இரண்டாவது வழி எளிமையானது. எதிர்ச் சுவரிலோ கூரையிலோ பொருத்திய லேசர், விசிறிபோல் விரியும் செங்குத்தான ஒளித்தளம் ஒன்றை நடு அச்சின்வழியே வீழ்த்துகிறது. தீட்டிய கோட்டை அது மிஞ்சுவது ஓர் இடத்தில்தான், ஆனால் அது முக்கியமான இடம்: தரையில் என்ன வந்து நின்றாலும் கோடு அதன்மேல் ஏறி நிற்கும். டிராக்டரின் முன்மூடியில் விழும்; விமானத்தின் மூக்கில் விழும்; உடற்பகுதியின் முதுகில் விழும். ஓட்டுநர் தம் வண்டியின் நடுக்குறியைப் பச்சைக் கோட்டோடு ஒப்பிட்டுக்கொண்டே வரலாம். மூக்கின் நடுவிலும் செங்குத்து வாலின் விளிம்பிலும் ஒரே கோடு விழுகிறதா என்று எதிரே நிற்பவர் ஒருவர் பார்த்தால், நாம் தேடும் இரண்டு புள்ளிகளும் ஒரே பார்வையில் கிடைத்துவிடுகின்றன. தூக்குக்குண்டு கட்டிப் பார்க்கும் வேலையை ஒளி செய்துவிடுகிறது.

கோட்டோடு சேர்த்து, விமான வகையைத் தேர்ந்தெடுத்தால் அதற்குரிய இடத்தில் மட்டும் ஒரு கூட்டல் குறி எரியும்படியும் அமைக்கலாம். பத்துக் குறிகளில் எது நம்முடையது என்று தேடும் நிலை இல்லாமல், தரையில் ஒன்றே ஒன்று ஒளிர்கிறது. மேலே சொன்ன ஏழு மீட்டர்ப் பிழைக்கு இது நல்ல தடுப்பு, வகையைத் தேர்ந்தெடுப்பவர் சரியாகத் தேர்ந்தெடுக்கும்வரை. ஒருவர் தேர்ந்தெடுக்க, மற்றொருவர் விமானத்தின் பதிவெண்ணைப் பார்த்து உரக்கச் சொல்லி உறுதிப்படுத்தும் வழக்கம் அவசியம்.

வாங்குபவர்கள் ஏமாறும் இடம் வெளிச்சம். லேசர் பாதுகாப்புக்கான ஐஈசி 60825-1 தரநிலையின் 2ஆம் வகுப்பில், கண்ணுக்குத் தெரியும் தொடர்கற்றையின் ஆற்றல் 1 மில்லிவாட் வரை இருக்கலாம். கண் கூசி கால் விநாடியில் இமை மூடிக்கொள்ளும் என்ற அடிப்படையில் அது பாதுகாப்பானதாகக் கொள்ளப்படுகிறது. 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியில் 1 மில்லிவாட் என்பது ஏறத்தாழ அரை லூமென் (கண் உணரும் ஒளியின் அளவு). அதை 20 மீட்டர் நீளமும் 5 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள கோடாகப் பரப்பினால் தரையில் கிடைப்பது 5 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்). ஹேங்கரில் 500 லக்ஸ் வெளிச்சம் இருந்தால், கோடு பின்னணியைவிட நூற்றில் ஒரு பங்குதான் கூடுதலாக ஒளிரும். அது கண்ணில் படாது. அதே அரை லூமெனை, அரை மீட்டர் நீளமுள்ள இரு கோடுகள் கொண்ட கூட்டல் குறியாகக் குவித்தால் 100 லக்ஸை நெருங்கும். அது நன்றாகத் தெரியும். விசிறியாக விரியும் கற்றையில் கண்மணிக்குள் புகக்கூடிய பங்கு சிறிது என்பதால், அதே வகுப்புக்குள் மொத்த ஆற்றலைக் கூட்டவும் தரநிலை இடமளிக்கிறது; ஆகவே நீண்ட கோடும் இயலாததல்ல. மில்லிவாட் எண்ணை மட்டும் படித்துத் தீர்மானிக்கக் கூடாது. நம் கூரை உயரத்திலிருந்து, நம் தரையின்மேல், நம் விளக்குகள் எரியும்போது, கதவு திறந்த பிற்பகல் வெயிலில் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். நேர்வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை எட்டும். அது விழும் வாசற்பகுதியில் லேசர் கோடு தெரியாது என்பதை ஏற்றுக்கொண்டு, அங்கே தீட்டிய கோட்டை நம்ப வேண்டும். சிவப்பா பச்சையா என்றால் பச்சைதான்: 635 நானோமீட்டர் சிவப்பைவிட 520 நானோமீட்டர்ப் பச்சை, அதே ஆற்றலில், மனிதக் கண்ணுக்குச் சுமார் மூன்று மடங்கு பிரகாசமாகத் தோன்றும்.

பொருத்தும் இடமும் சிந்தனைக்குரியது. 20 மீட்டர் உயரத்தில் உள்ள லேசர் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்தாலும் தரையில் குறி 35 மில்லிமீட்டர் நகரும். கூரையின் எஃகுச் சட்டங்கள் அசையாதவை அல்ல. 60 மீட்டர் நீளச் சட்டம் 20 டிகிரி வெப்ப வேறுபாட்டில் 14 மில்லிமீட்டர் நீளும், மேல்கிரேன் ஓடும்போது வளையும். ஆகவே நடுக்கோட்டு லேசரைக் கூரையில் தொங்கவிடாமல் எதிர்ச் சுவரின் தூணில் பொருத்துவதே நல்லது. கூட்டல் குறிக்கான லேசர் மேலிருந்துதான் விழ வேண்டும் என்றால், அது விழ வேண்டிய இடத்தில் ஒரு பித்தளை ஆணியைப் பதித்து, ஒவ்வொரு முறையும் விமானம் வருமுன் குறி ஆணியின்மேல் விழுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். அரை நிமிட வேலை. இதைச் செய்யாத ஹேங்கரில் லேசர் இருப்பதைவிட இல்லாதிருப்பதே மேல் என்று நான் கருதுகிறேன்.

எதிர்ச் சுவரிலிருந்து வரும் கற்றை விமானி அறையில் பிரேக் பிடிக்க அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக வராதபடி, முன்கண்ணாடியின்மேல் விழும் பகுதியை மட்டும் தடுக்குமாறு மறைப்புத் தகடு வைக்க வேண்டும். வகுப்பு எண் பாதுகாப்பானது என்று சொன்னாலும், பிரேக்கை மிதிக்க வேண்டிய நொடியில் ஒருவர் கண் கூசுவது ஏற்கத்தக்கதல்ல.

தூரம் காட்டும் பலகை

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் உள்ள லேசர் அளவி, மூக்குவரை உள்ள தூரத்தை அளந்து பெரிய எண்களில் காட்டுகிறது. நிறுவுவது எளிது, சில மில்லிமீட்டர்த் துல்லியம் உண்டு, எதிரே பார்த்து ஓட்டுபவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அது அளப்பது ஒரு புள்ளியை. வளைந்த மூக்கில் கற்றை சற்றே விலகிப் பட்டாலும் எண் மாறும். டிராக்டர் முன்னே வரும்போது விமானத்தை விட்டு டிராக்டரை அளக்கும். அச்சுப் பிரச்சினை ஏற்கெனவே தீர்ந்துபோன, எப்போதும் ஒரே வகை விமானம் வரும், முன்னே இடம் மிகக் குறுகிய ஹேங்கருக்கு இது பொருத்தம். பொதுவாக முதலில் வாங்கப்படுவது இதுவாகவே இருப்பதுதான் வருத்தத்துக்குரியது. எண் தெரிகிறது என்பதாலேயே பிரச்சினை தீர்ந்துவிட்டது என்ற நம்பிக்கை பிறந்துவிடுகிறது.

வருடிப் பார்க்கும் ஸ்கேனர்

விமான நிலைய முனையங்களில், விமானி எதிரே சுவரில் பார்க்கும் வழிகாட்டிப் பலகைகளை இயக்குவது இந்த நுட்பம். லேசர்த் துடிப்பு விமானத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து தூரம் கணிக்கப்படுகிறது: ஒரு நானோ விநாடிக்கு 15 சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டரைப் பிரித்தறிய 67 பிக்கோ விநாடி. கற்றை இடவலமாகவும் மேல்கீழாகவும் ஓடி உருவத்தையே வரைந்துகொள்வதால், விமானம் கோட்டின் எப்பக்கம் விலகியிருக்கிறது, நிற்க இன்னும் எவ்வளவு தூரம், வந்திருப்பது அறிவிக்கப்பட்ட வகைதானா என்ற மூன்றையும் அது சொல்லக்கூடும். மூன்றாவது பதிலுக்காகவே இது மற்ற வழிகளிலிருந்து வேறுபடுகிறது. ஏ320 என்று தேர்ந்தெடுத்திருக்க ஏ321 வந்தால் மனிதர் கவனிக்காமல் விடலாம். உருவத்தை ஒப்பிடும் கருவி நிறுத்தச் சொல்லும்.

ஆனால் முனையத்துக்கென்று அமைந்த கருவியை அப்படியே ஹேங்கருக்குள் கொண்டுவர முடியாது. முனையத்தில் ஏறுபாலம் சற்று நீண்டும் திரும்பியும் விமானத்தின் பிழையைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும், எதிரே திறந்தவெளி. ஹேங்கரில் டாக் அசையாது. ஸ்கேனரின் பார்வையில் மேடைகளும் படிகளும் கிரேன் சங்கிலிகளும் நிறைந்திருக்கும், அவை தரும் எதிரொளியிலிருந்து விமானத்தைப் பிரித்தறிய வேண்டும். பளபளப்பான தோல் சாய்வாகப் படும் கற்றையைக் கண்ணாடிபோல் வேறு திசைக்குத் திருப்பிவிடும்; கருமை நிற வண்ணம் அதை விழுங்கிவிடும். மேலும் மூக்கைப் பார்க்கும் ஸ்கேனருக்கு வால் தெரியாது என்பதால், அச்சைப் பற்றிய கேள்வி இங்கும் பாதிதான் தீர்கிறது. பின்புறத்தையோ பக்கவாட்டையோ பார்க்கும் இரண்டாவது ஸ்கேனர் வேண்டும். டாக் அமைப்பு மாறும்போதெல்லாம் மென்பொருளில் பின்னணியை மறுபடி பதிவு செய்ய வேண்டும், அதற்கு நிறுவனத்தாரை அழைக்க வேண்டும். வாங்கும் விலையைவிட இந்தத் தொடர்செலவையே முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பின்னோக்கித் தள்ளும் ஹேங்கரில் இதன் மதிப்பு உயர்கிறது. அங்கே விலகல் வளர்ந்துகொண்டே போவதால், ‘இப்போது எங்கே இருக்கிறேன்’ என்ற பதில் ஒவ்வொரு நொடியும் வேண்டும். தரைக்கோடு உடற்பகுதியின் அடியில் மறைந்துகிடக்கும். விங் வாக்கரின் கைச்சைகை வந்துசேர்ந்து ஓட்டுநர் திருத்துவதற்குள் தாமதமாகிவிடும். வால் பக்கச் சுவரில் உள்ள ஸ்கேனர் வாலின் விலகலை அளந்து, ஓட்டுநரின் கண்முன் டிராக்டரிலேயே ஒரு சிறு திரையில் காட்டினால், அந்தத் தாமதம் பெரிதும் குறைகிறது. பலகையை உள்சுவரில் மாட்டினால் உடற்பகுதியே அதை மறைத்துவிடும் என்பதை வரைபடம் போடும்போதே பார்த்துவிட வேண்டும்.

இறக்கை நுனிகளில் மாட்டி எடுக்கும் மோதல் எச்சரிக்கை உணரிகளும் உண்டு. அவை மோதலைத் தடுக்க உதவுமேயன்றி இடத்தில் நிறுத்த உதவா. எனவே இந்த ஒப்பீட்டுக்குள் அவற்றைக் கொண்டுவரவில்லை.

எந்த ஹேங்கருக்கு எது

வாங்குமுன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு; அதற்குச் செலவே இல்லை. விமானம் நின்றபின், முன்சக்கர அச்சின் நடுவிலிருந்தும் பிரதானச் சக்கரங்களின் நடுப்புள்ளியிலிருந்தும் கோடுவரை உள்ள விலகலையும், நிறுத்தக் குறியிலிருந்து முன்பின் விலகலையும் டேப்பால் அளந்து ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். முப்பது விமானங்கள் வந்துபோவதற்குள் ஹேங்கரின் நோய் எது என்று தெரிந்துவிடும். பிரதானச் சக்கர விலகல் பெரிதாக இருந்தால், குறை வெளியே உள்ள நுழைவுக் கோட்டில். முன்பின் விலகல் மட்டும் பெரிதாக இருந்தால் நிறுத்தக் குறியில். விலகல் எப்போதும் ஒரே பக்கமாக இருந்தால் தீட்டிய கோடே பிசகு.

ஒரே வகை விமானம், மூக்கு முன்னே நுழையும் ஹேங்கர் என்றால், அளந்து பதித்த கோடும் பிரதானச் சக்கரக் குறியும் போதும்; லேசருக்கு நான் பரிந்துரை செய்ய மாட்டேன். இண்டிகோ நிறுவனத்தைப்போல ஏ320, ஏ321, ஏடிஆர் 72 ஆகியவற்றை வைத்திருக்கும் சேவைகளுக்காக, ஒரே தரையில் பல வகைகளை மாற்றி மாற்றி நிறுத்த வேண்டிய ஹேங்கருக்கு, தூணில் பொருத்திய பச்சைக் கோடும் வகைக்கேற்ப எரியும் ஒற்றைக் கூட்டல் குறியும் சேர்ந்த இரண்டாவது வழியே என் தேர்வு. அதன் ஒவ்வொரு பிழையும் கண்ணுக்குத் தெரியும் பிழை. கோடு நகர்ந்திருந்தால் ஆணி காட்டிக்கொடுக்கும். மின்சாரம் போனால் அடியில் தீட்டிய கோடு அப்படியே இருக்கும். ஸ்கேனரிடம் இல்லாத இந்த வெளிப்படைத்தன்மைக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுக்கிறேன், ஏனெனில் இரவு இரண்டு மணிக்கு விமானத்தை உள்ளே கொண்டுவரும் குழுவில் மென்பொருள் தெரிந்தவர் இருக்கமாட்டார்.

அகன்ற உடல் விமானங்கள், நிலையான வால் டாக், பின்னோக்கித் தள்ளும் நுழைவு ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில் மட்டும் ஸ்கேனருக்கான செலவு நியாயமாகிறது. கூட்டுப்பொருள் உடல்களைப் பராமரிக்கும் இடமானால் இன்னும் அதிகமாக. அங்கேயும் கோட்டு லேசரை விட்டுவிடாமல் இரண்டையும் வைத்திருக்க வேண்டும். திரை சொல்வதும் தரையில் தெரிவதும் முரண்பட்டால் உடனே நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் விங் வாக்கர்களின் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது. லேசர் வந்தபின் ஆள் எதற்கு என்ற வாதம் செலவுக் கணக்கில் விரைவாகவே எழும். நடு அச்சைப் பார்க்கும் கருவிக்கு, பதினெட்டு மீட்டர் தள்ளி இறக்கை நுனியின் வழியில் யாரோ விட்டுச்சென்ற ஏணி தெரியாது. அதைக் காண அங்கே நடந்துவரும் ஒருவர் வேண்டும், அவர் கையை உயர்த்தினால் டிராக்டர் நின்றாக வேண்டும். திரையில் பச்சை எரியும்போதும் அவர் கைக்குத்தான் அதிகாரம் என்பதை நிறுவும் நாளிலேயே நடைமுறை விதியில் எழுதி, டிராக்டர் ஓட்டுநர்களிடம் கையொப்பம் வாங்கிவிட வேண்டும்.